ஏழாம் லயம், நாலாம் காம்பரா

1987ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் திகதி, புதன்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். ஹற்றனில் ஐந்தாவது நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. காற்று தென்மேற்கிலிருந்து வந்ததால், அலுவலகக் கட்டடத்தின் ஒரு பக்கம் முழுதும் நனைந்து, மறுபக்கம் உலர்ந்தே நின்றது.

பெற்றீசியா டிக்கோயா பஸ்ஸிலிருந்து இறங்கி, நனைந்த பக்கத்துப் படிகளில் ஏறினாள். பெருந்தோட்டப் பிராந்திய அலுவலகத்தின் நலன்புரிப் பிரிவில் அவள் எழுதுவினைஞர். வயது இருபத்தொன்பது. தட்டச்சில் நிமிடத்துக்கு எழுபது சொல். தட்டும்போது கண் மூலத்தாளை விட்டு விலகுவதே இல்லை என்பது அவளுடைய பெருமை. விசைகளைப் பார்த்துத் தட்டுபவர்களை அவள் வெறுக்கவில்லை, மதிக்கவும் இல்லை.

ஏப்ரல் மாதம் அலுவலகத்துக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது. ஈரம் ஏறாதிருக்க அதன் மேசைக்கடியில் ஓர் அறுபது வாற்று மின்குமிழ் எந்நேரமும் எரிந்தது. கொழும்பில் மூன்று நாள் பயிற்சி பெற்று வந்த ஒரே ஆள் பெற்றீசியா என்பதால், அந்த வெளிச்சத்தில் கால் காயும் வசதியும் அவளுக்கே உரியதாயிற்று.

படியேறி முடிவதற்குள் அலுவலக உதவியாளர் டக்ளஸ் எதிரே வந்தார். நாற்பத்தைந்து வயது மனிதர். கெட்ட செய்தியை இனிப்புப் போலக் கொடுப்பவர்.

"மிஸ், பெரியவரு உங்களத்தான் தேடுறாரு. கையில செவப்புப் பென்சில் இருக்கு. நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"நேத்து லிஸ்ட்டுக்கா அண்ணே?"

"லிஸ்ட்டுக்குத்தான். மூணு தரம் சிரிச்சாரு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

விடயம் இதுதான். வெள்ளைப்பாறைத் தோட்டத்தின் ஆறாம், ஏழாம், எட்டாம் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னாலுள்ள மலைச்சரிவில் மே மாத மழையோடு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. லயமொன்றுக்குப் பன்னிரண்டு காம்பரா, அறைக்கொரு குடும்பம்; ஆகக் குடும்பங்கள் முப்பத்தாறு. கட்டி முடிந்த புதிய வீடுகளோ பதினாறு. தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் அமிர்தநாதன் நாடா பிடித்து, ஒவ்வொரு காம்பராவின் பின்சுவருக்கும் வெடிப்புக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து கையால் எழுதிக் கொண்டுவந்தார். வெடிப்புக்கு மிக அருகிலுள்ள பதினாறு குடும்பங்கள் முதலில் குடிபெயரும் என்பது ஏற்பாடு. நேற்று மாலை அந்தப் பட்டியலை பெற்றீசியா கொம்பியூட்டரில் ஏற்றி, தூரத்தின்படி வரிசைப்படுத்தினாள். அச்சுப்பொறி ஊர்ந்து ஊர்ந்து அடித்தது. டிக்கோயா பஸ்ஸோ ஐந்தேகாலுக்கு. தாள் வெளியே வரும்போதே டக்ளஸ் கிழித்து உள்ளே வைப்பதாகச் சொன்னார். அவள் ஓடிப்போய் பஸ் பிடித்தாள். தன் பெயர் போகும் ஒரு தாளை அவள் திரும்பப் படிக்காமல் அனுப்பியது வாழ்நாளில் அது ஒரு முறைதான்.

முகாமையாளரின் அறையில் தலைமை எழுதுவினைஞர் கணேசமூர்த்தியும் இருந்தார். மேசைமீது பட்டியல் விரிந்து கிடந்தது.

"காம்பரா இலக்கம் என்னும் நிரலைப் பாருங்கள்," என்றார் முகாமையாளர் நிதானமான ஆங்கிலத்தில்.

பார்த்தாள். 1, 1, 2, 1, 1, 3, 1.

"இருவத்துமூணு குடும்பம் ஒண்ணாம் நம்பர் காம்பராவில இருக்குது மிஸ்," என்றார் கணேசமூர்த்தி. "ரெண்டாம் நம்பர்ல ஆறு குடும்பம். அஞ்சாம் நம்பர்ல ஒரு ஈ, காக்கா கெடையாது. அந்த இருவத்துமூணு குடும்பத்தையும் நான் போய்ப் பாக்கணும். எப்படி மூச்சு விடுறாங்கன்னு கேக்கணும்."

பெற்றீசியா பட்டியலைத் தன் பக்கம் திருப்பினாள். "மூலத்தாளை வைத்துச் சரிபார்க்கிறேன் சேர்."

"மூலத்தாளை அமிர்தநாதன் நேற்றே தோட்டத்துக்கு எடுத்துப் போய்விட்டார். தோட்டத்துத் தொலைபேசி மூன்று நாளாக ஊமை." முகாமையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் பதினொன்றரைக்குக் கொழும்புக்குப் புறப்படுகிறேன். திரும்ப இரண்டு கிழமை ஆகும். இந்த மழையில் முடிவில்லாமல் விட்டுப் போகமாட்டேன். சரியான பட்டியல் வந்தால் அதில் கையொப்பமிடுவேன். வராவிட்டால் எண்பத்தைந்தாம் ஆண்டுப் பட்டியலில் இடுவேன்."

எண்பத்தைந்தாம் ஆண்டுப் பட்டியல் சேவைக்கால வரிசையில் ஆனது. வெடிப்பு என்ற ஒன்று இல்லாத காலத்தில் எழுதப்பட்டது.

கணேசமூர்த்தி பட்டியலின் அடிப்பகுதியில் விரல் வைத்தார். "இன்னொண்ணும் இருக்கு. பதினாறாவது ஆளுக்கும் பன்னெண்டு அடி, பதினேழாவது ஆளுக்கும் பன்னெண்டு அடி. சமமா வந்தா சேவைக்காலம் கூடினவருக்குத்தான். சட்டம் அது. அதனால மேல கீழ மாத்திட்டேன்."

சிவப்புப் பென்சில் அம்புக்குறி ஒன்று வேலாயி என்ற பெயரைக் கீழே இறக்கி, மாயாண்டி என்ற பெயரை மேலே ஏற்றியிருந்தது.

பெற்றீசியா தன் அறைக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு பெண் நின்றாள். தலையில் மழைக்குப் போர்த்திய கம்பளிக் கொங்காணி, கையில் செருப்பு. தேயிலைக் கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கலாம்.

"கிளாக்கரம்மா, வெள்ளப்பாறையில இருந்து வாறேன். வேலாயி. இன்னைக்கு முடிவு தாராங்கன்னு அமிர்தநாதன் ஐயா சொன்னாரு. ஒருநாப் பேரை, ஒருநாச் சம்பளத்த விட்டுட்டு வந்திருக்கேன்."

மூன்று வேலாயிகள் பட்டியலில் இருந்தார்கள் என்பது பெற்றீசியாவுக்கு நினைவு வந்தது.

"எந்தக் காம்பரா அக்கா?"

"ஏழாம் லயம், நாலாம் காம்பரா. பின்செவுரும் வெடிச்சுப் போச்சு, அந்த அகலத்துல தேசிக்கா உருட்டலாம். பேத்தி பொறந்து இருவத்திரெண்டு நாளு ஆகுது. மருமக புள்ளைய முன்வாசல் பக்கம் போட்டுக்கிட்டு ஒக்காந்தே தூங்குது. கெடைக்காதுன்னா கெடைக்காதுன்னு சொல்லிருங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு டிக்கோயா ஆசுபத்திரி வராந்தாவுக்காவது போயிருவோம்."

"இன்னும் சொல்ல முடியாது. உள்ளுக்கு வாங்க, சாரல் அடிக்குது. அந்த பல்புப் பக்கமா நில்லுங்க, சூடா இருக்கும்."

நேரம் ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம்.

திரையில் நிரைகளும் நிரல்களும் விரிந்தன. முதல் நிரலில் அதே 1, 1, 2, 1. அவள் தட்டியது இதுவல்ல. அமிர்தநாதன் எழுதியதைத்தான் தட்டினாள்: லயத்து இலக்கம், சாய்கோடு, காம்பரா இலக்கம். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். 7/4 என்றால் ஏழாம் லயம், நாலாம் காம்பரா.

கொம்பியூட்டர் எந்தத் தோட்டத்திலும் பிறந்ததல்ல. எண்ணில் தொடங்கும் எதுவும் அதற்குக் கணக்கு. எண்களின் நடுவே சாய்கோடு வந்தால் வகுத்தல். கேளாமலே முப்பத்தாறு காம்பராக்களையும் அது வகுத்து வைத்திருந்தது. ஏழை நாலால் வகுத்தால் ஒன்றே முக்கால். அதன்மேல், ஆட்களின் எண்ணிக்கைக்குத் தசமம் எதற்கு என்று அவளே தாள் முழுவதற்கும் தசம தானம் பூச்சியம் என்ற வடிவத்தைக் கொடுத்திருந்தாள். ஆகவே ஒன்றே முக்கால் மட்டந்தட்டப்பட்டு இரண்டாகக் காட்சி தந்தது. கண் மூலத்தாளிலேயே இருந்தபடியால், திரை தன் முகத்துக்கு நேரே செய்த அட்டகாசத்தை அவள் காணவில்லை.

தவறு பிடிபட்டதும் அவளுக்கு வெட்கத்துக்குப் பதிலாக ஒரு துள்ளல் உண்டாயிற்று. தான் பூட்டிய பூட்டென்றால் திறந்துவிடலாம். முதல் நிரலுக்கு இரண்டு தசம தானங்கள் கொடுத்தாள்.

நடு நிரைகளில் 1.75. 0.89. 2.33. 1.20.

"வந்திருச்சு," என்றாள் தன்னை அறியாமல்.

"எது கிளாக்கரம்மா?"

"உங்க காம்பரா. ஒண்ணு தசம் எழுபத்தஞ்சு."

"எங்க காம்பரா அவ்வளவு சின்னதா?" என்றாள் வேலாயி. "பாத்தாச் சின்னதுதான்."

பெற்றீசியா பென்சிலை எடுத்து, ஒரு தாளில் ஆறையும் ஏழையும் எட்டையும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை வகுத்துப் பொருத்தத் தொடங்கினாள். 1.20 ஆறின் ஐந்து. 2.33 ஏழின் மூன்று. விடைகள் ஒவ்வொன்றாக வந்து வாசலில் நிற்பது போலிருந்தது. ஒன்பது ஐம்பதுக்கு இருபத்தொன்பது காம்பராக்கள் தீர்ந்தன.

ஏழு தீரவில்லை. 1.00 என்று மூன்று இருந்தன: ஆறின் ஆறும், ஏழின் ஏழும், எட்டின் எட்டும். 2.00 என்று இரண்டு: ஆறின் மூன்று, எட்டின் நான்கு. 0.67 என்று இரண்டு: ஆறின் ஒன்பது, எட்டின் பன்னிரண்டு. எத்தனை தசம தானம் கொடுத்தாலும் இவற்றைப் பிரித்துக் காட்ட இயலாது. ஏழு குடும்பங்களை ஊகித்து இருத்துவது பட்டியல் அல்ல, சீட்டுக்குலுக்கல். அந்தத் தாளில் அவள் பெயர் போகாது.

டக்ளஸ் தேநீரோடு எட்டிப் பார்த்தார். "மிஸ், ஜீப்புக்கு டீசல் அடிச்சாச்சு. டிரைவர் டயரைத் தட்டித் தட்டிப் பாக்குறான்."

"அவன் தட்டட்டும். நானும் தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் திரையில் மின்னும் நிலைகாட்டியை வேலாயியின் நிரைக்கு நகர்த்தினாள். பயன் ஏதும் கருதி அல்ல. தீர்ந்த ஒன்றைப் பார்த்தால் மனம் ஆறும் என்பதற்காக. மின்குமிழ்ப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்த வேலாயி திரையை எட்டிப் பார்த்தாள். பெயர்கள் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தன. அவளுக்கு அவை எறும்பு வரிசை.

"இங்க இருக்குதே," என்றாள்.

"எது அக்கா?"

"எங்க நம்பரு. கதவுல தாரு போட்டு எழுதியிருக்காங்களே, அதே நம்பரு. அந்தா, மேல, மூலையில."

பெற்றீசியா அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள். கட்டங்களுக்கெல்லாம் மேலே, திரையின் நெற்றியில், நிலைகாட்டி எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதன் விலாசத்தைச் சொல்லும் ஒரு வரி உண்டு. விலாசத்துக்குப் பக்கத்தில் சின்னதாக, தெளிவாக, 7/4 என்று இருந்தது.

அம்புக்குறி விசையை ஒரு தரம் அழுத்தினாள். நிலைகாட்டி கீழே இறங்கியது. மேல்வரி 8/9 என்றது. இன்னொரு தரம். 7/3. விரைந்து கீழே போய், 2.00 என்று நின்ற முதற் கட்டத்தில் நிறுத்தினாள். 8/4. அடுத்த 2.00இல் நிறுத்தினாள். 6/3.

எதுவும் அழியவில்லை. அவள் தட்டியது தட்டியபடியே ஒவ்வொரு கட்டத்தின் உள்ளேயும் பத்திரமாக இருந்தது. வெளியே தெரிந்த ஒன்றும் இரண்டும் கட்டம் உடுத்தியிருந்த உடுப்பு மட்டுமே. கொழும்பில் பயிற்சியாசிரியர் இதை முதல் நாள் காலையிலேயே சொன்னார்: கட்டத்தில் இருப்பது வேறு, கட்டம் காட்டுவது வேறு. அதை அவள் அழகான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடும் இட்டு, அத்தோடு மறந்திருந்தாள்.

"அக்கா, நீங்க படிச்சிருக்கீங்களா?"

"நாப்பது வருசமா அந்தக் கதவத் தொறந்து மூடுறேன். நம்பரு தெரியாமப் போகுமா?"

இனி விரல்கள் பறந்தன. ஆனால் இந்த முறை கண் திரையை விட்டு அசையவில்லை. வடிவங்களின் பட்டியலைத் திறந்தாள். உள்ளே இருப்பதை உள்ளபடியே காட்டும் வடிவம் ஒன்று அதில் இருந்தது; இதுவரை அதைத் தொடும் தேவை அவளுக்கு வந்ததில்லை. முதல் நிரல் முழுவதையும் குறித்து, அதைக் கொடுத்தாள். முப்பத்தாறு கட்டங்களும் ஒரே இமைப்பில் உடை மாற்றின. 7/4, 8/9, 7/3, 6/5.

பெற்றீசியா நாற்காலியில் பின்னால் சாய்ந்து, அந்த அலுவலகத்தில் அதுவரை சிரிக்காத ஒரு சிரிப்பைச் சிரித்தாள். வேலாயியும் சிரித்தாள், காரணம் கேட்கவில்லை.

நேரம் பத்து மணி ஆறு நிமிடம். அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டங்கள் உள்ளுக்குள் இன்னும் வகுத்தல் கணக்குகளே. நாளை வேறொருவர் வடிவத்தை மாற்றினால் காம்பராக்கள் மீண்டும் பின்னங்களாகும். எண்ணுக்கு முன்னால் ஒரு மேற்குறி இட்டால், 'இது கணக்கல்ல, பெயர்' என்று இயந்திரம் விளங்கிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டமாகத் திறந்து, முன்னால் போய், குறியிட்டு, மூடினாள். முப்பத்தாறு தரம். பெயர் நிரலை இருமடங்கு அகலமாக்கினாள். பாதியில் அறுந்து கிடந்த தகப்பன் பெயர்கள் முழுதாக வெளிவந்தன. அளந்த திகதி நிரலில் திகதிக்குப் பதிலாக உடுக்குறிகள் வரிசையாக மின்னின. இடம் போதாவிட்டால் இயந்திரம் அப்படித்தான் முறையிடும். இரண்டு எழுத்து அகலம் கூட்டியதும் முறைப்பாடு நின்று, திகதிகள் வந்து அமர்ந்தன. தலைப்புகளை நடுவில் நிறுத்தினாள். எண்களை வலப்பக்கம் ஒதுக்கினாள்.

மிஞ்சியது தூர நிரல். அதுவும் தசமம் இல்லாமலே இருந்தது. ஒரு தசம தானம் கொடுத்தாள்.

பதினாறாவது நிரை: 7/4, வேலாயி, 11.6. பதினேழாவது நிரை: 8/9, மாயாண்டி, 12.4.

அவள் அந்த இரண்டு எண்களையும் நெடுநேரம் பார்த்தாள்; நெடுநேரம் என்பது ஏறக்குறைய பத்து விநாடி. இயந்திரம் நேற்றே சரியாக வரிசைப்படுத்தியிருந்தது. வரிசைப்படுத்தியது உள்ளே இருந்த எண்ணைக்கொண்டு. கணேசமூர்த்தி தீர்ப்புச் சொன்னது வெளியே தெரிந்த எண்ணைக்கொண்டு. சிவப்பு அம்புக்குறி பிறந்தது அவள் கொடுத்த பூச்சியத்தால்.

அவள் அச்சடிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். அச்சுப்பொறி கிறீச்சிட்டுத் தொடங்கியது. இம்முறை கடைசி வரி வெளியே வரும் வரை அருகிலேயே நின்று, ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்தாள்.

பதினொன்று மூன்றுக்குத் தாள் முகாமையாளரின் மேசைக்குப் போயிற்று. கணேசமூர்த்தி முதலில் காம்பரா நிரலைப் படித்தார். விரல் கீழே இறங்க இறங்க அவர் முகத்தில் கேலி குறைந்தது. பதினாறாவது வரியில் விரல் நின்றது.

"நேத்துப் பன்னெண்டு, இன்னைக்குப் பதினொண்ணு தசம் ஆறு. சுவரு நகந்துச்சா, மலை நகந்துச்சா மிஸ்?"

"ரெண்டும் இல்ல சேர். நான்தான் புள்ளிக்குப் பின்னால இருந்ததை மறைச்சு வச்சிருந்தேன்."

"மட்டந்தட்டுறதுதானே அலுவலக வழக்கம்?"

"அறிக்கையில மட்டந்தட்டலாம் சேர். ஆளைத் தெரியுறதுக்கு முன்னால தட்டக் கூடாது."

சொன்ன பிறகுதான் குரல் சற்று உயர்ந்திருந்ததை உணர்ந்தாள். கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகாமையாளர் எழுந்தார்.

"எனக்குக் காட்டுங்கள்."

மூவரும் கொம்பியூட்டர் அறைக்கு வந்தார்கள். வேலாயி சுவரோடு ஒதுங்கி நின்றாள். பெற்றீசியா தூர நிரலுக்குத் தசமத்தைப் பூச்சியமாக்கினாள். இரண்டு கட்டங்களும் பன்னிரண்டு என்றன. மேல்வரியைச் சுட்டினாள், அங்கே 11.6 அசையாமல் இருந்தது. ஒன்று கொடுத்தாள், வேறுபாடு திரும்பி வந்தது.

"தள்ளுங்கள்," என்று முகாமையாளர் தாமே அமர்ந்தார். நான்கு தசம தானம் கொடுத்தார். 11.6000. "இது கூடுதல் நம்பகமாகத் தெரிகிறது."

"தெரிகிறது சேர். ஆனால் நாடா அளந்தது ஒரு தானம்தான். மற்ற மூன்றும் இயந்திரம் போட்ட அலங்காரம்."

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒழுங்காக ஒன்றுக்கு மாற்றி வைத்தார். கடிகாரத்தில் மணி பதினொன்று பதினெட்டு. வெளியே ஜீப் உறுமியது.

"கணேசமூர்த்தி?"

தலைமை எழுதுவினைஞர் பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். முப்பது வருடமாகப் பிழை தேடிப் பழகிய கண்; பிழை கிடைக்காதபோது அதற்குச் சிறிது வருத்தம் இருந்தது.

"சமம் இல்லேன்னா சேவைக்காலத்துக்கு இங்க வேலை இல்ல சேர்," என்றார். "பதினாறு, ஏழின் நாலுக்குத்தான். மாயாண்டிக்கு அடுத்த தொகுதியில முதல் வீடுன்னு ஒரு குறிப்புப் போட்டுடுவோம். பதினெட்டு ஆட்டுக்குட்டி வச்சிருக்கிற மனுசன், நான் போய்ச் சொல்லலேன்னா ஆட்டோட இங்க வந்து நிப்பாரு."

முகாமையாளர் ஜீப்புக்கு நடந்துகொண்டே குறிப்பை எழுதினார். டக்ளஸ் குடை பிடித்தார். பட்டியலின் கீழ்ப்புறத்தில் கையொப்பம் விழுந்தது. பிறகு பதினாறு ஒதுக்கீட்டுக் கடிதங்களில், ஜீப்பின் முன்மூடி மீது வைத்து, ஒவ்வொன்றாக. தயாராக இருந்த கடிதங்களில் பெயர், காம்பரா இலக்க வரிகளை மட்டும் பெற்றீசியா அவசரத்தில் பழைய தட்டச்சு இயந்திரத்தில் அடித்திருந்தாள். கணேசமூர்த்தி பின்னாலேயே வந்து, மழையில் முத்திரை கலையாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு குத்தினார்.

ஜீப் வளைவில் திரும்பியது. பெற்றீசியா பதினாறாவது கடிதத்தைப் பிரித்தெடுத்து, ஒருமுறை படித்து, இன்னொருமுறை படித்து, கொம்பியூட்டர் அறைக்குள் போனாள். வேலாயி நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். பெற்றீசியாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அக்கா, கையெழுத்து ஆயிருச்சு. சனிக்கிழமைக்குள்ள சாமான் ஏத்தலாம். லொறிக்கு அமிர்தநாதன் ஐயாகிட்ட இதைக் காட்டுங்க."

வேலாயி ஈரக் கொங்காணியைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் போட்டாள். இரண்டு கைகளையும் சேலையில் நன்றாகத் துடைத்தாள். பிறகு நீட்டினாள். பெற்றீசியா கடிதத்தை அவற்றின் மேல் வைத்தாள்.